பம்படியில் வைத்த செம்புத் தண்ணீர்

அக்கா,

போன செவ்வாய்க்கிழமை நம் அடிபம்பைப் பிரித்துப் போட்டோம். பிளம்பர் சுருளி ஸ்பேனரைப் போட்டு மேல்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த தோல் வாஷரை வெளியே எடுத்ததும் விளக்கெண்ணெயில் ஊறிய தோலின் வாசனை முற்றம் முழுக்கப் பரவியது. நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். செருப்புக் கடையையும் பிள்ளை பெற்ற வீட்டையும் ஒன்றாகச் சேர்த்தது மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அது உங்கள் கை வாசனை. வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு கொட்டாங்கச்சியில் எண்ணெய் ஊற்றி, புது வாஷரை அதில் அமுக்கி, அடுப்பங்கரை ஜன்னலில் இரண்டு நாள் வைத்திருப்பீர்கள். அந்த இரண்டு நாளும் உங்கள் கையால் காபி வாங்கிக் குடித்தால் டம்ளரிலும் அது அடிக்கும். நான் முகத்தைச் சுளித்தால், "குடி புள்ள, வயிறு சுத்தமாகும்" என்பீர்கள்.

வருகிற ஐப்பசியோடு நீங்கள் போய் ஒரு வருஷம். இத்தனை நாளும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. பக்கத்து வீட்டுக்கு யாராவது கடுதாசி எழுதுவார்களா? எதைச் சொல்வதாக இருந்தாலும் சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. உங்களிடம் முழுக்கச் சொல்லிவிட்டால் கொஞ்சம் தெளிவு கிடைக்குமா என்று பார்க்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தபோது, நீங்கள் மூத்த மருமகளாக ஏழு வருஷம் ஓட்டியிருந்தீர்கள். ஓரகத்தி என்றால் ஒத்துப்போக மாட்டாள், எதற்கும் விட்டுக்கொடுக்காதே என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். நீங்கள் சண்டைக்கு வரவே இல்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. வந்த மூன்றாம் நாள் நான் ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டியபோது, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு செம்பு புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைத்தீர்கள். அன்றிலிருந்து உங்களை அக்கா என்றே கூப்பிட்டேன். அம்மா கேட்டதற்கு, "சண்ட போட ஆளே கிடைக்கலம்மா" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டார்கள். திராட்சைத் தோட்டம் உங்கள் வீட்டுக்காரரான பெரிய மச்சானுக்கு, கூடலூர் ரோட்டுத் தென்னந்தோப்பு எங்களுக்கு. வீட்டுக்கு நடுவில் சுவர் வந்தது. முற்றத்துக் கிணற்றை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை. இருபத்தைந்து அடி உறைக்கிணறு. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் பன்னிரண்டு அடியிலேயே தண்ணீர் நிற்கும். அதனால் சுவரைக் கிணற்றடியில் நிறுத்தி, கிணற்றைப் பொதுவில் விட்டு, அதில் இரண்டு வீட்டு மோட்டார் குழாயையும் இறக்கினார்கள். ஒரு கோழி உள்ளே விழுந்து செத்ததும் கிணற்று வாய் முழுக்கக் கான்கிரீட் மூடி போட்டார்கள். ஆள் இறங்குகிற அளவுக்கு ஒரு இரும்புக் கதவை வைத்துப் பூட்டும் போட்டாயிற்று. வாளியும் கயிறும் உருளையும் பரணுக்குப் போயின.

அப்போது நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டீர்கள். மூடிக்கு மேல் ஒரு அடிபம்பு வேண்டும் என்றீர்கள். மச்சான் சிரித்தார். ரெண்டு மோட்டார் ஓடுகிற கிணற்றில் எதற்கு அடிபம்பு, வேலை இல்லாமலா இருக்கிறாய் என்று கேட்டார். எனக்கும் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் எங்கள் வீட்டு பைக்கை நிறுத்தலாம் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "இதெல்லாம் மியூசியத்துல வைக்கிறதுக்கா" என்று உங்கள் காதுபடவே கேட்டேன். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "கரண்டு அவுக கையில இருக்கு. தண்ணியாவது நம்ம கையில இருக்கட்டும்." அவுக என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தி, ஐந்து மணிக்கோ ஆறு மணிக்கோ கரண்டு விடுகிறவர்கள் யாரோ, அவர்கள்.

பம்பு வந்த முதல் மழைக்காலத்திலேயே நான் வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கரண்டு இல்லை. மாடித் தொட்டி வறண்டது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு நம் முற்றத்துக்கு வந்தது. நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, "மியூசியத்துக்கு டிக்கெட் எடுத்தியா" என்று கேட்டீர்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் பம்புக்கு ஒரு குணம் உண்டு. அரை நாள் அடிக்காமல் விட்டால் குழாயில் நிற்கிற தண்ணீர் கீழே இறங்கிவிடும். மேலே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, அது வடிவதற்குள் வேகமாக அடித்தால்தான் பிடிக்கும். ஊற்றாமல் கை ஒடிய அடித்தாலும் புஸ் புஸ் என்று காற்றுத்தான் வரும். தண்ணீர் வேண்டுமென்றால் முதலில் கையில் கொஞ்சம் தண்ணீர் இருக்க வேண்டும். அதனால் நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். பம்படி மேடையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் செம்பு நிறையத் தண்ணீர், மேலே ஒரு தட்டு. அடித்து முடிக்கிறவர் அதை நிறைத்து வைத்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்க வேண்டும். அதை யாரும் குடிக்கக் கூடாது, கால் கழுவக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது. விருந்தாளி வந்தாலும் அதே சட்டம்தான். ஒரு முறை உங்கள் சொந்த அண்ணன் அதில் கை கழுவப் போனபோது, "அண்ணே, அது பம்போட தண்ணி" என்று செம்பைப் பிடுங்கினீர்கள். பம்புக்கென்று தனியாகத் தண்ணீரா என்று அவர் முழித்தார்.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் என் வாயால் நீங்கள் கேட்டதில்லை.

விடிவதற்கு முன்பே காற்றடித்துக் கரண்டு போயிருந்தது. நான் கம்பத்தில் பள்ளிக்கூட ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். எட்டு இருபது பஸ்ஸை விட்டால் அடுத்தது ஒன்பதே கால். வீட்டைப் பூட்டி, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கிணற்றடியைத் தாண்டும்போது கையில் ஈரம் பட்டது. டிபன் டப்பாவில் சாம்பார் ஒழுகி, பையெல்லாம் இறங்கி, சேலைக் கொசுவம் வரை வந்துவிட்டது. திரும்பிப் போய்ப் பூட்டைத் திறக்க நேரம் இல்லை. பஸ் முக்கில் ஹாரன் அடித்தது. செம்பு அங்கேயே இருந்தது. தட்டை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை டப்பாவின் மேலும் கையிலும் சேலையிலும் ஊற்றிக் கழுவினேன். செம்பு காலியானது. அடித்து நிறைக்கலாம் என்றால், பம்பு பிடிக்க ஊற்றுவதற்கே தண்ணீர் இல்லை. நீங்கள் பார்த்து நிறைத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள்தான் எல்லாவற்றையும் பார்ப்பீர்களே. செம்பை வைத்து, தட்டைப் பழையபடி மேலே மூடிவிட்டு ஓடினேன். தட்டை மூடாமல் விட்டிருந்தாலாவது காலி என்று உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

பதினோரு மணிக்கு மச்சான் வீட்டுப் பின்னால் பிளாஸ்டிக் டிரம்மில் சுண்ணாம்பு கரைத்தார். மழைக்குப் பிறகு திராட்சையில் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பது நம் பக்கம் எல்லாத் தோட்டத்திலும் உள்ளதுதான். கல் சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். குனிந்து பார்த்திருக்கிறார். ஒரு கட்டி வெடித்து இடது கண்ணில் தெறித்துவிட்டது. அவர் போட்ட சத்தம் நாலாவது வீட்டுக்குக் கேட்டதாகச் சொன்னார்கள்.

நீங்கள் குழாயைத் திறந்தீர்கள். வரவில்லை. மாடித் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைச் சுண்ணாம்புக்கென்று அவரேதான் பிடித்திருந்தார். அடுப்பங்கரையில் இருந்த அரைக் குடத்தை அவர் முகத்தில் ஊற்றிவிட்டுப் பம்படிக்கு ஓடினீர்கள். தட்டைத் தூக்கினால் செம்பு காலி. வெறும் பம்பை அடித்தீர்கள். அடித்து அடித்து உங்கள் உள்ளங்கை தோல் உரிந்து போனதை நான் மூன்றாம் நாள் பார்த்தேன். பிறகு தெருவுக்கு ஓடி, நாலாவது வீட்டிலிருந்து இரண்டு குடம் வாங்கி வருவதற்குள் பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ ஆகிவிட்டது. தேனிக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குப் போனீர்கள். உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசியிருந்தால் பார்வை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனையோ நாள் தொங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் மச்சான் அதை அப்படிச் சொல்வதில்லை.

மூன்றாம் நாள் துணி எடுக்க நீங்கள் மட்டும் ஊருக்கு வந்தீர்கள். நான் உங்களுக்குச் சோறு போட்டேன். கையில் கட்டு இருந்ததால் ஸ்பூனால் சாப்பிட்டீர்கள். பாதியில் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"ஏத்தா, பம்படியில வச்சிருந்த தண்ணிய நீ எடுத்தியா?"

"இல்லக்கா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. ஒரு கண் போயிருக்கிறது, அதற்குக் காரணம் நான் என்று ஒப்புக்கொண்டால் இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்ற பயம். நீங்கள் "சரித்தா" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டீர்கள். மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது என் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு சின்ன எவர்சில்வர் மூடி இருந்தது. என் டிபன் டப்பாவின் உள்மூடி. அன்று கழுவிய அவசரத்தில் பம்படியிலேயே விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். மூன்று நாளாக அதைத் தேடவும் இல்லை. அதை நீங்கள் எடுத்து, சாம்பார்க் கறை போகத் தேய்த்துக் கழுவி, துடைத்து வைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போயிருந்தீர்கள்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். அப்போதே பஸ் ஏறி வந்து உங்கள் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வேலைக்குப் போனேன்.

மச்சானிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது அவர் கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று எனக்குத் தெரிந்தது. பார்க்க வந்தவர்களிடம் அவரே சொன்னார்: "இவதான் செம்புல தண்ணி வைக்க மறந்துட்டாளாம். ஊருக்கெல்லாம் சட்டம் போடுவா." நீங்கள் வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். நான் நிலைப்படியில் நின்றேன். நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் அங்கேயே சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதி, அவ்வளவுதான்.

உங்கள் கைக்கட்டு அவிழ்ந்த பிறகு நீங்கள் செய்த முதல் வேலை, பிளம்பரைக் கூப்பிட்டதுதான். அப்போது சுருளியின் மாமா வந்தார். "தண்ணி ஊத்தாமலே பிடிக்கிற மாதிரிப் பண்ணிக் குடுங்க. யாரும் எதையும் ஞாபகம் வச்சுக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்றீர்கள். அவர் குழாயின் அடியில் ஒரு புட்வால்வு மாட்டினார். உள்ளே ஏறிய தண்ணீர் கீழே இறங்காமல் அது பிடித்துக்கொள்ளும். வாஷர் மட்டும் காயாமல், தேயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தச் செம்பை எடுத்துப் போய் உங்கள் வீட்டுப் பாத்திரங்களோடு சேர்த்துவிட்டீர்கள். யாரையோ திட்டாமல் காப்பாற்றுவதற்காக ஒரு பம்பையே மாற்றி வைத்தவர் நீங்கள். அந்த யாரோ நான்தான் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வாஷர் மாற்றுகிற வேலையை அவரிடம் பார்த்து நீங்களே பழகிக்கொண்டீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்பேனரோடு நீங்கள் உட்கார்ந்தால், "மெக்கானிக் மதினி, என் பைக்குக்கும் பிரேக் பிடிக்கல" என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

மச்சான் கெட்டவர் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஒற்றைக் கண்ணோடு தோட்டத்தையும் விடவில்லை, டிராக்டரையும் விடவில்லை. கம்பம் மார்க்கெட்டுக்குப் போனால் மல்லிகைப்பூ வாங்காமல் வர மாட்டார். ஆனால் அந்த ஒரு பேச்சு அவர் நாக்கில் உட்கார்ந்துவிட்டது. குழம்பில் உப்புக் குறைந்தால், "கண்ணையே மறந்தவ, உப்ப மறக்க மாட்டியா" என்பார். சாவியைக் காணவில்லை என்றாலும் அதுதான், பால்காரருக்குப் பணம் கொடுக்க விட்டுப்போனாலும் அதுதான். சிரித்துக்கொண்டே சொல்வதும் உண்டு, கடுகடுவென்று சொல்வதும் உண்டு. நீங்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரி முகம் வைத்திருந்தீர்கள். இந்த ஊரில் உங்களைப் போல எதையும் மறக்காத பெண் இன்னொருத்தி கிடையாது. என் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி நாள்கூட நீங்கள் சொல்லித்தான் எனக்கு ஞாபகம் வரும். மறதிக்காரி என்ற பட்டத்தோடு பதினோரு வருஷம் இருந்தீர்கள்.

கடைசியில் தேனி ஆஸ்பத்திரியில் நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தபோது, இனியும் விட்டால் கிடைக்காது என்று நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அன்னிக்கு அந்தத் தண்ணிய..." என்று ஆரம்பித்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "மோட்டார நிப்பாட்டிட்டு வந்தியா?" என்று கேட்டீர்கள். நான் நிறுத்தாமல்தான் வந்திருந்தேன். வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் தூங்கியிருந்தீர்கள். வேண்டுமென்றே கேட்டீர்களா, உண்மையிலேயே மோட்டார் கவலையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்றில் வாய்க்கால் கரை மரம் ஒன்று கம்பியின் மேல் விழுந்து, கரண்டு இல்லை. நம் பம்புதான் மறுபடி தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது. செவ்வாய் காலையில் அது இழுக்கவில்லை. நீங்கள் போன பிறகு வாஷரை யாரும் மாற்றவில்லை. நானும் எண்ணெய் விடவில்லை. சுருளி வந்து பிரித்தான். வாஷர் ஓரமெல்லாம் தேய்ந்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. மச்சான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுருளிக்கு டீ கொண்டு வந்தேன்.

"அண்ணே, இதத் தூக்கிப் போட்டுட்டு, நல்லதா ஒரு இன்வெர்ட்டர் வச்சு மோட்டார ஓட்டுங்க. இன்னும் எத்தன நாளைக்கு அடிச்சுக்கிட்டு இருப்பீங்க?" என்றான் சுருளி.

"இருக்கட்டும்ப்பா, அவ வச்சது" என்றார் மச்சான். எனக்கு அது கேட்கச் சந்தோஷமாக இருந்தது. உடனே அடுத்ததையும் சொன்னார். "இம்புட்டுப் பாத்துப் பாத்து வச்சவ, அன்னிக்கு ஒரு செம்புத் தண்ணி வைக்க மறந்துட்டா பாரு. எங்கண்ணு போச்சு."

நீங்கள் இருந்தபோது இதை நூறு தடவை கேட்டிருப்பேன். அப்போதெல்லாம் நீங்கள் அங்கே இருந்தீர்கள், வேண்டுமென்றால் நீங்களே மறுத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அன்று நீங்கள் அங்கே இல்லை. உங்களுக்காகச் சொல்ல என்னைத் தவிர இந்த உலகத்தில் ஒரு ஆள் இல்லை. டீ டம்ளரை மேடையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"மச்சான், அக்கா மறக்கல. தண்ணி வச்சிருந்தாக. நான்தான் எடுத்துக் கொட்டுனேன். டிபன் டப்பா கழுவ எடுத்தேன். அக்கா கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

சுருளி குனிந்து, கையில் இருந்த ஸ்பேனரையே பைக்குள் தேடினான். மச்சான் திட்டுவார், கையை ஓங்குவார், தம்பியைக் கூப்பிட்டு இவளை இனி இந்தப் பக்கம் விடாதே என்பார் என்று நின்றேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும் மச்சான்."

எழுந்து உள்ளே போய்விட்டார். சுருளி புது வாஷரைப் போட்டு, அடித்துப் பார்த்து, தண்ணீர் வந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "இத்தன வருசம் சொல்லாதவ, இப்ப எதுக்குச் சொன்ன?" என்று கேட்டார். உங்கள் பேர் சுத்தமாக வேண்டும் என்றுதான் சொன்னேன் என்றேன். அதில் பாதிதான் உண்மை. என் நெஞ்சில் இருந்த கல்லை எங்காவது இறக்க வேண்டும் என்பதும் இருந்தது.

அதை நான் யார் தலையில் இறக்கினேன் என்பது அடுத்த நாட்களில் தெரிந்தது. மச்சானுக்கு நான் கொடுத்துவிடுகிற சோறு பாதி அப்படியே திரும்பி வந்தது. முன்பு சாயங்காலம் விளக்குப் போட்டதும் உங்கள் படத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார். திராட்சை விலையைச் சொல்வார், உங்கள் மகள் போன் பண்ணாததைச் சொல்வார், அப்படியே உங்களைக் குறை சொல்வார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இப்போது ஒரு சத்தமும் இல்லை. ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். செய்யாத தப்புக்குப் பதினோரு வருஷம் உங்களைக் குத்திக்காட்டியிருக்கிறார் என்று நான் அவருக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்க உங்களை அவரிடம் கொண்டுவந்து நிறுத்த என்னால் முடியாது. நீங்கள் இருக்கும்போது சொல்லியிருந்தால் அவர் ஒரு நாள் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசியிருப்பார். ஒரு முழம் பூவாவது கூடுதலாக வாங்கி வந்திருப்பார். அதையும் சேர்த்துத்தான் நான் பறித்திருக்கிறேன். இது எனக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். மச்சான் அவர் பக்கத்து வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, இங்கன வா. ஒண்ணு கேக்கணும்."

போனேன். நல்ல கண்ணையும் என் மேல் வைக்காமல், பம்பைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம்... அவ எப்பவாவது உங்கிட்ட வருத்தப்பட்டுச் சொன்னாளா?"

சொன்னீர்கள், அக்கா. ஒரே ஒரு தடவை. சின்னமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பெண் வீட்டார் கண்ணைப் பற்றி விசாரித்தார்கள், மச்சான் வழக்கம்போல உங்களைக் கை காட்டிச் சொன்னார், இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "அவுக வீட்டுக்குள்ள சொல்றதுல எனக்கு ஒண்ணுமில்லத்தா. நாலு பேரு மத்தியில சொல்லும்போதுதான் சோறு இறங்க மாட்டேங்குது." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். டிக்கெட்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மச்சான் பதிலுக்காக நின்றார். வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"இல்ல மச்சான்" என்றேன். "ஒரு நாளும் சொன்னதில்ல. நீங்க சொல்லும்போதெல்லாம் எங்கிட்ட வந்து சிரிப்பாக. அந்த மனுசனுக்குப் பேச வேற என்ன இருக்குன்னு சொல்வாக."

அவர் என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் நான் அனுப்பிய சோற்றுத் தூக்கு காலியாகத் திரும்பி வந்தது. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம், திராட்சை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் உங்கள் படத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

உங்களிடம் சொன்ன பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அவரிடம் சொன்ன பொய்யை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். முன்னதை எனக்காகச் சொன்னேன், அதை நீங்கள் சுமந்தீர்கள். இதை அவருக்காகச் சொல்லியிருக்கிறேன். இதையாவது நானே சுமந்துகொள்கிறேன், அக்கா.